சாளரம் ஏன் உறைகிறது? வாசகர் கேள்வி – பதில்

பைத்தான் மொழியில் சாளர நிரல் எழுதுவோர் அனுப்பிய கேள்விகளுக்கே இந்த இதழின் பக்கங்களை முழுமையாக ஒதுக்கியிருக்கிறோம். வந்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே பைத்தானுடன் சேர்ந்து வரும் டிகின்டர் நூலகத்தைப் பற்றியவை என்பதால் பதில்களும் அதைச் சார்ந்தே அமைகின்றன. ஒரே தடுமாற்றத்தைப் பலர் எழுதியிருந்த இடங்களில், தெளிவாக எழுதப்பட்ட ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஒரு கோப்புறையில் உள்ள நூற்றுக்கணக்கான கணக்குக் கோப்புகளைப் படித்து, கூட்டுத்தொகைகளை ஒரே பட்டியலாக்கும் நிரலை எழுதியிருக்கிறேன். கட்டளைத் திரையில் அது ஒழுங்காக ஓடுகிறது. அதற்கு ஒரு சாளரமும் ‘தொடங்கு’ என்ற பொத்தானும் வைத்த பிறகு, பொத்தானை அழுத்தியவுடன் சாளரம் வெளிறிப்போய், தலைப்புப் பட்டையில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வருகிறது. எத்தனையாவது கோப்பு என்று காட்ட வேண்டிய லேபிளும் மாறுவதில்லை. வேலை முடிந்த பிறகு கடைசி எண்ணை மட்டும் காட்டுகிறது. கணினிக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கலாம் என்று எண்ணி இடையிடையே ‘ஸ்லீப்’ சேர்த்தேன். நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது.

பதில்: கட்டளைத் திரையில் ஓடும் நிரல் நீங்கள் எழுதிய வரிசையிலேயே நடக்கிறது. சாளர நிரலிலோ ‘மெயின்லூப்’ என்ற வரியை எட்டியவுடன் பொறுப்பு கைமாறிவிடுகிறது. அந்த வரிக்குள் ஒரு மடக்கு (லூப்) ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுட்டி நகர்ந்தது, விசை அழுந்தியது, சாளரத்தின் ஒரு பகுதியை மீண்டும் வரைய வேண்டியிருக்கிறது என்று வரிசையில் காத்திருக்கும் நிகழ்வுகளை அது ஒவ்வொன்றாக எடுத்து, அதற்கென நீங்கள் ஒப்படைத்துள்ள செயற்கூற்றை (ஃபங்ஷனை) அழைத்து, அது திரும்பி வந்த பிறகே அடுத்த நிகழ்வைத் தொடுகிறது. உங்கள் செயற்கூறு திரும்பி வர நாற்பது நொடி ஆனால், அந்த நாற்பது நொடியும் வரிசை நகராது. லேபிளின் எழுத்தை மாற்றச் சொன்ன கட்டளை உண்மையில் அப்போதைக்கப்போது நிறைவேறிவிடுகிறது. ஆனால் மாறியதைத் திரையில் வரைவதும் அதே வரிசையில் காத்திருக்கும் வேலைகளுள் ஒன்று என்பதால், கடைசி எண் மட்டுமே உங்கள் கண்ணுக்கு வந்து சேர்கிறது. சுமார் 5 நொடி வரை ஒரு சாளரம் எந்தச் செய்தியையும் எடுத்துக்கொள்ளாவிட்டால், விண்டோஸ் அதை உறைந்துபோன நிரல் என்று கருதி அதன் மேல் வெளிறிய நகல் ஒன்றைப் போர்த்திவிடுகிறது. நீங்கள் சேர்த்த ‘ஸ்லீப்’ மூச்சுவிட நேரம் கொடுப்பதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் சற்று நேரம் நிற்கச் சொல்கிறது.

உங்கள் வேலை இயல்பாகவே துண்டுதுண்டானது என்பதால் முதலில் எளிய வழியைப் பாருங்கள். ஒரு கோப்பை மட்டும் படிக்கும் செயற்கூற்றை எழுதி, அதன் கடைசி வரியில் ‘ஆஃப்டர்’ என்பதன் மூலம், சில மில்லிநொடிகள் கழித்து அடுத்த கோப்புக்காகத் தன்னை மீண்டும் அழைக்கும்படி மடக்கிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். இரண்டு கோப்புகளுக்கு இடையில் மடக்குக்கு வாய்ப்புக் கிடைக்கிறது, லேபிள் மாறுகிறது, ‘நிறுத்து’ என்று ஒரு பொத்தான் வைத்தால் அதுவும் வேலை செய்கிறது. செயற்கூறு தன்னையே அழைத்துக்கொண்டு போவதால் நினைவக அடுக்கு வளர்ந்துகொண்டே போகாதா என்று சிலர் அஞ்சுவார்கள். வளராது, ஒவ்வொரு முறையும் அது முழுமையாக முடிந்த பிறகே மடக்கு அதை மறுபடி அழைக்கிறது. ஆனால் ‘ஆஃப்டர்’ வரியில் செயற்கூற்றின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியைப் போட்டுவிட்டால், அது காத்திராமல் அந்த இடத்திலேயே தன்னை அழைத்து, கோப்புகள் மிகுதியாக இருந்தால் பைத்தானின் இயல்பான 1000 அழைப்புகள் என்ற எல்லையில் மோதி நின்றுவிடும்.

ஒரே கோப்பைப் படிக்கவே பல நொடிகள் ஆகும் என்றால், அல்லது இணையத்திலிருந்து எதையேனும் இறக்க வேண்டும் என்றால், துண்டாக்குவது உதவாது. அந்த வேலையைத் தனி த்ரெட்டில், அதாவது நிரலுக்குள்ளேயே பக்கத்தில் ஓடும் தனி இழையில், விட வேண்டும். அப்போது ஒன்றை விடாமல் கடைப்பிடியுங்கள்: பொத்தான், லேபிள் போன்ற சாளர உறுப்புகளான விட்ஜெட்டுகளைத் தொடுவது மெயின்லூப் ஓடும் த்ரெட்டின் வேலை மட்டுமே. பின்னணியில் ஓடும் த்ரெட் லேபிளை நேரடியாக மாற்றினால், உங்கள் கணினியில் நூறு முறை சரியாக நடந்துவிட்டு, வேறொருவர் கணினியில் முதல் முறையே சாயக்கூடும். பின்னணி த்ரெட் தன் முடிவுகளை ‘கியூ’ என்ற காத்திருப்பு வரிசை ஒன்றில் போட்டுவிட்டுப் போகட்டும். சாளரத்தின் பக்கத்தில் 100 மில்லிநொடிக்கு ஒருமுறை ‘ஆஃப்டர்’ மூலம் எழும் ஒரு சிறு செயற்கூறு, கியூவில் இருப்பதைக் காத்திராமல் எடுத்து லேபிளில் எழுதட்டும். த்ரெட்டை ‘டீமன்’ என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் சாளரத்தை மூடிய பிறகும் நிரல் பின்னணியில் உயிரோடு இருக்கும். படிப்பது, இறக்குவது போன்ற காத்திருப்பு வேலைகளுக்கே த்ரெட் நன்கு பொருந்தும். பைத்தானின் வழக்கமான பதிப்பில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் பைத்தான் கட்டளைகளை இயக்க முடியும் என்பதால், கடும் கணக்கீடு என்றால் தனி த்ரெட்டில் விட்டாலும் சாளரம் மந்தமாகும். அதற்குத் தனிச் செயல்முறை, அதாவது ‘மல்டிபிராசஸிங்’ தேவைப்படும்.

மடக்கின் நடுவே ‘அப்டேட்’ என்று ஒரு வரி போட்டால் போதும் என்று யாரேனும் உங்களுக்குச் சொல்வார்கள். போட்டவுடன் உறைவது நின்றுவிடும். சிக்கல் வேறு இடத்தில் கிளம்பும். ‘அப்டேட்’ வரிசையில் நிற்கும் எல்லா நிகழ்வுகளையும் அந்த இடத்திலேயே நடத்திவைக்கிறது. பயனர் பொறுமையிழந்து ‘தொடங்கு’ பொத்தானை இரண்டாவது முறை அழுத்தியிருந்தால், முதல் ஓட்டம் முடியும் முன்னரே அதன் வயிற்றுக்குள் இரண்டாவது ஓட்டம் தொடங்கிவிடும். சாளரத்தை மூடியிருந்தாலோ, இல்லாத லேபிளில் எழுத முயன்று நிரல் பிழையோடு நிற்கும். திரையை மட்டும் வரைந்து காட்டினால் போதும் என்ற இடத்தில் ‘அப்டேட் ஐடில்டாஸ்க்ஸ்’ இதைவிடப் பாதுகாப்பானது. எந்த வழியில் போனாலும், வேலை நடக்கும்போது ‘தொடங்கு’ பொத்தானைச் செயலிழந்த நிலையில் வைக்க மறக்காதீர்கள்.

கேள்வி: படம் காட்டும் நான்கு வரிகளை நிரலின் மேற்பகுதியில் எழுதினால் படம் தெரிகிறது. நிரலை ஒழுங்குபடுத்தலாம் என்று அதே வரிகளை ஒரு செயற்கூற்றுக்குள் வைத்தால் படம் மறைந்துவிடுகிறது. பிழைச் செய்தி ஏதும் இல்லை. ஒரு வரியைக்கூட நான் மாற்றவில்லையே!

பதில்: வரியை மாற்றவில்லை, மாறியின் ஆயுளை மாற்றிவிட்டீர்கள். டிகின்டர் தன்னளவில் ஒரு வரைகலை நூலகம் அன்று. ஜான் ஆஸ்டர்ஹவுட் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1988-இல் உருவாக்கிய டிக்கிள் என்ற மொழிக்கு, அவரே அடுத்த சில ஆண்டுகளில் செய்த டிகே கருவித்தொகுதியின் மேல் போர்த்தப்பட்ட பைத்தான் போர்வைதான் அது. உங்கள் நிரலில் உள்ள ஒவ்வொரு சாளரப் பொருளும் இரண்டு இடங்களில் வாழ்கிறது: பைத்தான் பக்கம் ஒரு பொருளாகவும், டிக்கிள் பக்கம் ஒரு பெயராகவும். பொத்தான், லேபிள் போன்ற விட்ஜெட்டுகளை அவற்றின் தாய்ச் சாளரம் பைத்தான் பக்கத்திலும் பிடித்துவைத்துக்கொள்வதால் அவற்றைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை. படத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. லேபிளுக்குத் தெரிந்தது டிக்கிள் பக்கத்துப் பெயர் மட்டுமே. செயற்கூறு முடிந்ததும் அதற்குள் இருந்த மாறி மறைகிறது. படத்தைச் சுட்ட வேறு எதுவும் இல்லாததால் பைத்தான் அந்தப் பொருளை அழிக்கிறது. அழியும்போது அது டிக்கிள் பக்கத்தில் உள்ள படத்தையும் நீக்கச் சொல்லிவிட்டுப் போகிறது. நிரலின் மேற்பகுதியில் எழுதியபோது மாறி கடைசி வரை உயிரோடு இருந்ததால் படமும் இருந்தது.

தீர்வு ஒரே வரி: படத்தை லேபிளின் பண்பாகவே ஒட்டிவைத்துவிடுங்கள், அல்லது உங்கள் இனக்குழுவில் (கிளாஸில்) ‘செல்ஃப்’ சார்ந்த ஒரு மாறியில் வையுங்கள். பல படங்கள் என்றால் ஒரு பட்டியலில் சேர்த்து வைத்தாலும் போதும்.

இதைக் கண்டுபிடிக்க நல்ல அடையாளம் ஒன்று உண்டு. படம் நீக்கப்பட்டாலும், அதைக் காட்டிக்கொண்டிருக்கும் லேபிள் தன் அளவை விட்டுக்கொடுக்காமல் உள்ளடக்கத்தை மட்டும் இழக்க வேண்டும் என்பது டிகேயின் விதி. எனவே படத்தின் அளவுக்குச் சரியாக ஒரு வெற்றிடம் தெரிந்தால், சுட்டுவோர் இல்லாமல் படம் அழிந்திருக்கிறது என்று கொள்ளலாம். கோப்பைத் திறக்கவே முடியவில்லை என்றால் பிழைச் செய்தி வந்தே தீரும். டிகே 8.6 பிஎன்ஜி படங்களை நேரடியாகத் திறக்கும். ஜேபெக் படங்களுக்கு ‘பில்லோ’ நூலகம் வேண்டும்.

விட்ஜெட்டின் மதிப்பைத் தாங்கும் ‘ஸ்ட்ரிங்வார்’, ‘இன்ட்வார்’ போன்ற மாறிகளும் இதே வகையைச் சேர்ந்தவை. செயற்கூற்றுக்குள் பிறந்த ‘இன்ட்வார்’ ஒன்றை நம்பி வைத்த தேர்வுப்பெட்டி, குறியிட்டதாகவும் இல்லாமல் வெறுமையாகவும் இல்லாமல் நடுநிலையில் நின்றால், காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

கேள்வி: கணிப்பான் ஒன்றுக்காக 0 முதல் 9 வரையுள்ள பொத்தான்களை ஒரு மடக்கில் உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ‘லாம்டா’ என்ற பெயரற்ற சிறு செயற்கூறு ஒன்றைக் கட்டளையாகக் கொடுத்தேன். பொத்தான்களின் மேல் எண்கள் சரியாக இருக்கின்றன. ஆனால் எதை அழுத்தினாலும் 9 தான் வருகிறது.

பதில்: ‘லாம்டா’ உருவாகும்போது அது மாறியின் மதிப்பை எடுத்துவைப்பதில்லை, மாறியின் பெயரை மட்டும் நினைவில் வைக்கிறது. பத்துப் பொத்தான்களும் ஒரே மாறியைத்தான் நினைவில் வைத்திருக்கின்றன. பயனர் எதையேனும் அழுத்தும் வேளையில் மடக்கு எப்போதோ முடிந்து, அந்த மாறி 9-இல் நிற்கிறது. பொத்தானின் மேல் உள்ள எழுத்து அப்போதே எடுத்துக்கொள்ளப்பட்டதால் அது தப்பித்தது. லாம்டாவுக்கு ஒரு அளபுருவை (பாராமீட்டரை) வைத்து, அதன் இயல்பு மதிப்பாக மடக்கின் மாறியைக் கொடுங்கள். இயல்பு மதிப்பு உருவாகும் நேரத்திலேயே கணிக்கப்படுவதால் ஒவ்வொரு பொத்தானுக்கும் அதனதன் எண் கிடைக்கும். ‘ஃபங்க்டூல்ஸ்’ தொகுதியில் உள்ள ‘பார்ஷியல்’ இன்னும் தெளிவாக இருக்கும் என்பது என் எண்ணம்.

இந்த மருந்தைப் பொத்தானின் ‘கமாண்ட்’ இருக்கும் இடத்தில் கற்றுக்கொண்டு, பிறகு ‘பைண்ட்’ இருக்கும் இடத்திலும் அப்படியே பயன்படுத்துவோர் உண்டு. அங்கே அது வேறு விதமாகக் கெடும். ‘பைண்ட்’ மூலம் கட்டிய செயற்கூற்றுக்கு நிகழ்வுப் பொருள் ஒன்று முதல் மதிப்பாக எப்போதும் வந்து சேரும். அது நீங்கள் கவனமாக வைத்த இயல்பு மதிப்பின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே முதல் அளபுருவை நிகழ்வுக்கு விட்டுவிட்டு, இரண்டாவதில் உங்கள் எண்ணை வையுங்கள்.

கேள்வி: நிரல் தொடங்கியவுடன், யாரும் அழுத்தாமலே ‘சேமி’ பொத்தானின் வேலை நடந்துவிடுகிறது. அதன் பிறகு அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்தைப் படிக்க முயன்றால், ‘நன்’ வகைப் பொருளுக்கு ‘கெட்’ என்ற பண்பு இல்லை என்கிறது.

பதில்: இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள்: ஒரு செயற்கூற்றையும் அது திருப்பித் தரும் விடையையும் ஒன்றாக எண்ணிவிட்டீர்கள். ‘கமாண்ட்’ என்பதற்குச் செயற்கூற்றின் பெயரை மட்டும் தாருங்கள். பின்னால் அடைப்புக்குறி இட்டால் அது அப்போதே ஓடி, அதன் வெறும் விடையே பொத்தானுக்குக் கிடைக்கும். அதுபோலவே, உள்ளீட்டுப் பெட்டியை உருவாக்கும் வரியின் முடிவிலேயே, அதைச் சாளரத்தில் இடத்தில் வைக்கும் ‘பேக்’ என்பதைச் சேர்த்தால், மாறியில் போய்ச் சேர்வது பெட்டி அன்று, ‘பேக்’ திருப்பித் தரும் வெறுமை. பெட்டியை ஒரு வரியிலும் அதை இடத்தில் வைப்பதை அடுத்த வரியிலும் எழுதுங்கள்.

கேள்வி: மேலே கருவிப்பட்டை, நடுவில் எழுதும் பகுதி, ஓரத்தில் உருள்பட்டை என்று ஒரு சாளரம் அமைக்கிறேன். கருவிப்பட்டைக்கு ‘பேக்’, மற்றவற்றுக்கு ‘கிரிட்’ என்று வைத்தால் பிழை வருகிறது. எல்லாவற்றையும் ‘கிரிட்’ ஆக்கினால் பிழை போய்விடுகிறது. ஆனால் சாளரத்தைப் பெரிதாக்கும்போது எழுதும் பகுதி அப்படியே நடுவில் நின்றுகொண்டு சுற்றிலும் வெற்றிடம் விடுகிறது.

பதில்: ஒரே தாய்க்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு ‘பேக்’, ‘கிரிட்’ ஆகிய இரண்டு இட அமைப்பாளர்களுள் ஒன்றுதான் இருக்கலாம், பிழைச் செய்தி சொல்வதும் அதையே. அந்தச் செய்தி வருவதை நற்பேறாகவே கருதுங்கள். டிகேயின் பழைய பதிப்புகளில் இரண்டு அமைப்பாளர்களும் ஒருவர் கணித்த அளவை மற்றவர் மாற்றிக்கொண்டே இருக்க, எந்தச் செய்தியும் இல்லாமல் நிரல் தொங்கிவிடும். தாய் வேறாக இருந்தால் தடையில்லை. கருவிப்பட்டைக்கு ஒரு ஃபிரேம் (விட்ஜெட்டுகளை உள்ளடக்கும் சட்டகம்), எழுதும் பகுதிக்கு ஒரு ஃபிரேம் என்று பிரித்து, இரண்டையும் சாளரத்தில் ‘பேக்’ செய்து, உள்ளே அவரவருக்குப் பொருத்தமானதை வைக்கலாம்.

பெரிதாகாத சிக்கலுக்கு இரண்டு கட்டளைகள் வேண்டும். பெரும்பாலானோர் ஒன்றோடு நின்றுவிடுகிறார்கள். கூடுதலாகக் கிடைக்கும் இடத்தை எந்த நெடுவரிசைக்கும் கிடைவரிசைக்கும் பகிர்வது என்பதை ‘வெயிட்’ என்ற எண் தீர்மானிக்கிறது. அதன் இயல்பு மதிப்பு 0, அதாவது யாருக்கும் பங்கு இல்லை. ‘காலம்கான்ஃபிகர்’, ‘ரோகான்ஃபிகர்’ மூலம் அதை 1 ஆக்கினால் கட்டம் விரியும். கட்டம் விரிந்தாலும் அதற்குள் இருக்கும் விட்ஜெட் தானாக விரியாது. அதற்கு ‘ஸ்டிக்கி’ என்பதில் நான்கு திசைகளையும் தர வேண்டும். மேலும் இது சங்கிலி போன்றது: எழுதும் பகுதி விரிய வேண்டுமானால், அது இருக்கும் ஃபிரேமும் தன் தாய்க்குள் விரிய வேண்டும். எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று தெரியாதபோது, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெவ்வேறு பின்னணி நிறம் கொடுத்துச் சாளரத்தை இழுத்துப் பார்ப்பேன். நிறம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. புதிய தோற்றத்துடன் வரும் ‘டிடிகே’ ஃபிரேம்கள் பின்னணி நிறத்தை நேரடியாக ஏற்பதில்லை என்பதால் இந்தச் சோதனைக்குப் பழைய ஃபிரேமையே பயன்படுத்துங்கள்.

உருள்பட்டையை ‘பேக்’ செய்தால் எழுதும் பகுதிக்கு முன்பாகவே செய்யுங்கள். ‘பேக்’ வரிசைப்படி இடம் ஒதுக்குவதால், சாளரம் சுருங்கும்போது கடைசியில் வந்ததே முதலில் காணாமற்போகும்.

கேள்வி: முதன்மைச் சாளரத்திலிருந்து ‘அமைப்புகள்’ என்ற இரண்டாவது சாளரத்தைத் திறக்கிறேன். அதில் பயனர் என்ன எழுதினாலும், ‘ஸ்ட்ரிங்வார்’ எப்போதும் வெறுமையாகவே இருக்கிறது.

பதில்: இரண்டாவது சாளரத்தையும் ‘டிகே’ என்ற இனக்குழுவிலிருந்தே உருவாக்கியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ‘டிகே’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும் ஒரு சாளரம் மட்டும் பிறப்பதில்லை. அதனுடன், டிக்கிள் கட்டளைகளை நிறைவேற்றும் தனியான இயக்கி ஒன்றும் பிறக்கிறது. இரண்டு இயக்கிகளும் ஒன்றையொன்று அறியா. தாயின் பெயரைக் குறிப்பிடாமல் உருவாக்கிய ‘ஸ்ட்ரிங்வார்’ முதலாவது இயக்கியில் பிறக்கிறது. உள்ளீட்டுப் பெட்டி இரண்டாவதில் இருந்துகொண்டு, அதே பெயரில் தன் பக்கத்தில் உள்ள வேறொரு மாறியில் எழுதிக்கொண்டிருக்கிறது. ஒரு நிரலுக்கு ஒரு ‘டிகே’ போதும். மற்ற சாளரங்கள் எல்லாம் ‘டாப்லெவல்’ ஆகட்டும். ஒன்றின் படத்தை மற்றொன்றில் காட்ட முயன்று ‘அப்படியொரு படம் இல்லை’ என்ற பிழை வந்ததாக எழுதிய இன்னொரு வாசகருக்கும் இதுவே பதில்.

கேள்வி: லினக்ஸில் என் நிரலின் பொத்தான்களில் தமிழ் சிதைகிறது. ‘கெடு’ என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. விண்டோஸில் அதே பொத்தான் சரியாக இருக்கிறது. கோப்பிலிருந்து தமிழைப் படிப்பதிலோ நிலைமை தலைகீழ்: லினக்ஸில் சரியாகப் படிக்கிறது, விண்டோஸில் ‘யூனிகோட் டிகோட் எரர்’ என்று நின்றுவிடுகிறது. எழுத்துருவை மாற்றியும் பயனில்லை.

பதில்: இவை தொடர்பில்லாத இரண்டு நோய்கள். எளியதை முதலில் தீர்த்துவிடுவோம். கோப்பைத் திறக்கும்போது குறியாக்கத்தைச் சொல்லாவிட்டால், பைத்தான் இயங்குதளத்தின் வழக்கத்தைப் பின்பற்றும். லினக்ஸில் அது பெரும்பாலும் யூடிஎஃப்-8. விண்டோஸில் பெரும்பாலும் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய 1252 அட்டவணை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் உண்டு. மெய்யெழுத்தின் புள்ளிக்குரிய மூன்றாவது பைட்டுக்கு அந்தப் பழைய அட்டவணையில் எந்த எழுத்தும் ஒதுக்கப்படவில்லை. உகரக் குறிக்கும் அதே கதிதான். புள்ளியும் உகரமும் இல்லாத தமிழ்ப் பத்தி ஏது? அதனால்தான் முதல் சில சொற்களுக்குள்ளேயே படிப்பு நின்றுவிடுகிறது. ‘என்கோடிங்’ என்பதில் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள், எழுதும்போதும் அப்படியே.

திரையில் சிதைவது கடினமான சிக்கல். தமிழ் எழுத்துகளைக் குறியீட்டு வரிசையில் ஒவ்வொன்றாக வரைந்தால் போதாது. ‘கெ’ என்பதில் ககரம் முன்னும் கொம்பு பின்னும் சேமிக்கப்படுகின்றன. திரையில் அவற்றை இடம் மாற்ற வேண்டும். ‘டு’ போன்ற உகர எழுத்துகளில் இரண்டு குறியீடுகளுக்குப் பதிலாக எழுத்துருவில் உள்ள ஒரே வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸிலும் மேக்கிலும் டிகே எழுத்து வரையும் பொறுப்பை இயங்குதளத்திடமே விடுவதால் இந்த வேலை நடந்துவிடுகிறது. லினக்ஸில் டிகே 8.6 பயன்படுத்தும் ‘எக்ஸ்எஃப்டி’ வழி, ஒரு குறியீட்டுக்கு ஒரு வடிவம் என்று நேராக அடுக்கிக்கொண்டு போகிறது. எழுத்துருவுக்குள் விதிகள் எல்லாம் இருந்தும் அவற்றைப் படிப்பார் இல்லை. எழுத்துருவை மாற்றிப் பயனில்லாமல் போனது இதனால்தான். மாறாத தலைப்புகள் மட்டும் என்றால், ‘பில்லோ’ நூலகத்தை, எழுத்துகளை வடிவமைக்கும் ‘ராக்கும்’ நூலகத்தின் துணையோடு பயன்படுத்தி, எழுத்தைப் படமாக வரைந்து லேபிளில் காட்டலாம். பயனர் தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும் என்றால் இந்த ஒட்டுவேலை போதாது. எழுத்து வடிவமைப்பை ‘ஹார்ஃப்பஸ்’ கொண்டு செய்யும் கியூட்டி அல்லது ஜிடிகே நூலகத்துக்குப் போய்விடுங்கள். டிகின்டரை விட்டுவிடுமாறு நான் எளிதில் யாருக்கும் சொல்வதில்லை. இந்த ஓர் இடத்தில் தயக்கமின்றிச் சொல்வேன்.

உள்ளீட்டின் நீளத்துக்கு எல்லை வைத்திருந்தால் அதையும் பாருங்கள். பைத்தான் கணக்கில் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் 5. நான்கோடு வெட்டினால் புள்ளியை இழந்து ‘தமிழ’ என்று நிற்கும்.

கேள்வி: பைத்தானுடன் வரும் ‘ஐடில்’ திருத்தியில் இயக்கினால் ஓடும் நிரல், கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால் கணநேரம் தோன்றி மறைகிறது. கறுப்புத் திரை வேண்டாம் என்று கோப்புப் பெயரின் பின்னொட்டை ‘பிஒய்டபிள்யூ’ என மாற்றினேன். இப்போது என்ன தவறு என்றே தெரியவில்லை.

பதில்: நிரலின் கடைசியில் ‘மெயின்லூப்’ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘ஐடில்’ தனக்கென நிகழ்வுகளைக் கவனித்துக்கொள்வதால், அந்த வரி இல்லாத நிரலின் சாளரத்தையும் உயிரோடு வைத்திருக்கும். வெளியே வந்ததும் அந்தத் தயவு இல்லை. இரண்டாவது, படங்களையும் கோப்புகளையும் வெறும் பெயரால் திறந்திருந்தால், நிரல் எந்தக் கோப்புறையிலிருந்து தொடங்கப்படுகிறதோ அங்கேதான் அவற்றைத் தேடும். நிரல் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து முழுப் பாதையைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

‘பிஒய்டபிள்யூ’ ஒட்டு, கட்டளைத் திரை இல்லாத பைத்தானை அழைக்கிறது. பிழைச் செய்தி போய்ச்சேர அங்கே இடமே இல்லை. பொத்தானின் செயற்கூற்றில் பிழை நேர்ந்தால் டிகின்டர் அதைச் செய்தியாக எழுதிவிட்டு மடக்கைத் தொடர்ந்து நடத்தும் பழக்கம் உடையது. திரை இல்லாதபோது பொத்தான் ஊமையாகிவிட்டது போலத் தோன்றும். நிரலைத் திருத்தும் காலம் வரை பழைய ஒட்டையே வைத்து, கட்டளைத் திரையிலிருந்து இயக்குங்கள். பிறருக்குக் கொடுக்கும்போது, முதன்மைச் சாளரத்தின் ‘ரிப்போர்ட் கால்பேக் எக்ஸெப்ஷன்’ என்ற செயற்கூற்றுக்குப் பதிலாக, பிழையை ஒரு பதிவுக் கோப்பில் எழுதி, சிறு செய்திப் பெட்டியிலும் காட்டும் உங்கள் செயற்கூற்றை வையுங்கள். இதற்கு ஐந்தாறு வரிகள்தான் ஆகும்.

கேள்வி: எந்த நிரலை இயக்கினாலும் டிகின்டர் தொகுதியே இல்லை, அல்லது அதில் ‘டிகே’ என்ற பண்பு இல்லை என்ற பிழை மாறி மாறி வருகிறது. இரண்டு முறை நீக்கி மறுபடி நிறுவிவிட்டேன்.

பதில்: தொகுதியே இல்லை என்றால் நீங்கள் லினக்ஸில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டெபியன், உபுண்டு போன்றவற்றில் டிகின்டர் தனித் தொகுப்பாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ‘பைத்தான்3-டிகே’ என்பதை இயங்குதளத்தின் தொகுப்பு மேலாளர் மூலம் நிறுவ வேண்டும். பைத்தானின் சொந்த நிறுவியான ‘பிப்’ மூலம் அது கிடைக்காது. நிறுவிய பின், கட்டளைத் திரையில் பைத்தானை ‘எம்’ விருப்பத்துடன் அழைத்து டிகின்டர் என்று கொடுத்தால், பதிப்பு எண்ணுடன் ஒரு சிறு சாளரம் வர வேண்டும். ‘டிஸ்பிளே’ மாறி இல்லை என்று பிழை வந்தால், நிறுவலில் குறையில்லை. திரையே இல்லாத தொலைக் கணினியில் இயக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

‘டிகே’ என்ற பண்பு இல்லை என்பது வேறு கதை. பயிற்சிக் கோப்புக்கு ‘டிகின்டர்’ என்றே பெயர் வைத்துச் சேமித்திருப்பீர்கள். பைத்தான் முதலில் அந்தக் கோப்புறையில் தேடி, உங்கள் கோப்பையே நூலகம் என்று எடுத்துக்கொள்கிறது. பெயரை மாற்றுங்கள், மறுபடி நிறுவ வேண்டியதில்லை.